வைட்டாருவின் மூக்கு

ஏழாம் எண் ஜாடியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆறிலிருந்தும் வரவில்லை. ஆலிஸ்டர் டன்லப் ஐந்தைத் தூக்கி, வாயை மூடியிருந்த காபி வடிதாளை விலக்கி, மூக்கை உள்ளே நுழைத்து, நெஞ்சு புடைக்க ஒரு மூச்சு இழுத்தார். காற்று வந்தது. ஷெட்டின் குளிர் வந்தது; பூமியின் தென்பாதியில் ஆகஸ்ட் குளிர்காலம். சாராயம் மட்டும் வரவில்லை.

பெஞ்சின்மேல் பதினெட்டு ஜாடிகள் எண் ஒட்டி வரிசையாக நின்றன. முந்தின நாள் முழுவதும் அவர் இதற்காக நின்றிருந்தார். பழைய பியர் பீப்பாயை அறுத்துச் செய்த கொதிகலனில் பார்லி ஊறலை ஊற்றி, மின்சாரத்தைப் போட்டு, அதன்மேல் செப்புவலை அடைத்த ஆள் உயரக் குழாயை நிறுத்தி, குழாயின் தலையில் வெப்பமானி செருகி, பக்கத்துக் குளிர்சுருளுக்குத் தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீர் விட்டு, சொட்டுச் சொட்டாக விழுவதைப் பிடித்தார். முதலில் வந்த ஒரு டம்ளரை வேலியோரக் களைக்கு ஊற்றினார். அது மனிதர் வாயில் வைக்கும் சாமானே இல்லை. அதற்குப் பிறகுதான் ஜாடிகள்.

கண்ணுக்கு எல்லா ஜாடியும் தண்ணீர்தான். முதல் வடி எங்கே முடிகிறது, நடு வடி எது, கடை வடி எந்த ஜாடியில் தலைகாட்டுகிறது என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெப்பமானி கொஞ்சம் சொல்லும். சாராயத்தின் வீரியம் காட்டும் மிதவை கொஞ்சம் சொல்லும். நடு வடியை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்ப்பதில்தான் மொத்தக் கலையும் இருக்கிறது. அதை மூக்குதான் செய்ய வேண்டும். அந்த மூக்கு மூன்று வாரமாக விடுப்பில் இருந்தது.

ஜூலையில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது கையோடு மணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினம் காலையில் காபித்தூளையும் எலுமிச்சைத் தோலையும் மோந்து பழகச் சொன்னார். ஆலிஸ்டர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். காபித்தூள் மண்ணாக இருந்தது. எலுமிச்சைத் தோல் மஞ்சளாக இருந்தது.

வேறு யாருக்கு இது வந்திருந்தாலும் சூப்பில் உப்பு தூக்கலாகப் போட்டுக்கொண்டு வாழ்ந்துவிடலாம். ஆனால் ஆலிஸ்டர், வைட்டாரு என்ற சிற்றூரின் வீட்டு வடிப்பாளர் சங்கத்துக்குத் தலைமை நடுவர். சங்கத்தில் அவரைத் தவிர முப்பத்து நான்கு பேர். ஆட்டு லாரி ஓட்டுகிறவர்கள், குழாய் வேலைக்காரர்கள், பால் பண்ணைக்காரர்கள். சட்டம் அனுமதிக்கிறபடி தங்களுக்கென்று காய்ச்சித் தாங்களே குடிக்கிறவர்கள்; வருடத்துக்கு ஒருமுறை அவர்களில் ஒன்பது பத்துப் பேர் போட்டிக்கு ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவருவார்கள். பதினோரு வருடங்களுக்கு முன்னால், உயர்நிலைப் பள்ளித் துணைத் தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு சங்கத்தில் சேர்ந்த ஆலிஸ்டர், முதல் கூட்டத்திலேயே யாரோ ஒருவருடைய ரம்மை மோந்துவிட்டு, மதில் சூழ்ந்த தோட்டத்தில் மழை ஓய்ந்த பிற்பகல் என்று சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவரை நடுவராக்கிவிட்டார்கள்.

நடுவரானதும் அவர் விதிகள் எழுதினார். நடுவர் அமர்ந்தபின் அரங்கில் யாரும் பேசக் கூடாது. வாசனைத் திரவியம் பூசியவர்கள் வெளியே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சிகரமாக இரட்டைக் கிளாஸ் விதி. போட்டிக்கு ஒன்பது பாட்டில்கள் வந்தால் பத்து கிளாஸ்கள் வைக்கப்படும். ஏதோ ஒரு பாட்டில் மட்டும் இரண்டு கிளாஸ்களில் ஊற்றப்பட்டிருக்கும். எது என்பது செயலாளரின் உறைக்குள் இருக்கும். தலைமை நடுவர் கடைசியில் எழுந்து நின்று அந்த இரட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லுவார். உறை பிரிக்கப்படும். கைத்தட்டல். பரிசு வாங்குகிறவருக்குக்கூட அவ்வளவு கைத்தட்டல் கிடைப்பதில்லை. பதினோரு வருடத்தில் ஒரே ஒருமுறை தவறியது. ஊற்றியவர்தான் மாற்றி ஊற்றிவிட்டார் என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஊற்றிய பெண்மணி சங்கத்தை விட்டு விலகிக்கொண்டார்.

இந்த வருடப் போட்டி சனிக்கிழமை. இன்று செவ்வாய். வைட்டாருவில் ஆலிஸ்டரிடம் யாரும் வேறு எந்த விஷயத்திலும் அபிப்பிராயம் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்கவில்லை, சர்ச்சில் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவே இல்லை. வருடத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், முப்பத்து நான்கு பேர் வாயை மூடிக்கொண்டு அவர் வாயைப் பார்ப்பார்கள். அது போய்விட்டால் முந்நூற்று அறுபத்தைந்து நாட்களும் ஒரே மாதிரிதான்.

அவர் பெஞ்சின் கோடியிலிருந்த ஜாடியை எடுத்தார். எண் உரிந்துபோயிருந்தது. அப்போது அவர் மனைவி நோலீன், பட்டாணி எடுக்க ஷெட்டிலிருந்த ஃப்ரீசருக்கு வந்தாள். ஆள் இருக்கும்போது மோப்பதற்கு ஒரு தோரணை உண்டு. ஆலிஸ்டர் கண்ணை மூடினார். நீளமாக இழுத்தார். தலையை மெல்ல ஆட்டினார். பென்சிலை எடுத்தார்.

"என்ன வருது?" என்றாள் நோலீன்.

"பச்சை ஆப்பிள். பின்னால லேசா பேரிக்காய்த் தோல். முதல் வடியோட கடைசிக் கட்டம்னு நினைக்கிறேன்."

நோலீன் ஃப்ரீசர் மூடியைச் சாத்தினாள். "அது டர்பன்டைன். வேலிக்கு பெயின்ட் அடிச்ச பிரஷ்ஷை ஊறப்போட்டிருந்தேன். பிரஷ்ஷை எடுத்துட்டேன், ஜாடியை மறந்துட்டேன்."

ஆலிஸ்டர் ஜாடியைக் கீழே வைத்தார். அது மற்ற ஜாடிகளைப் போலவே தெளிவாக இருந்தது. பிரஷ்ஷை இவள் இன்னும் கொஞ்சம் அழுக்காக வைத்திருக்கக் கூடாதா என்று முதலில் அவருக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"எது?"

"போன வாரம் பால் பொங்கிக் கருகிச்சே. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தியே. வயசாச்சு, சோம்பேறித்தனம்னு நினைச்சேன். எத்தனை நாளா ஆலிஸ்டர்?"

சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். அவள், பட்டாணி உருகுது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நோலீனுக்குச் சாராயம் பிடிக்காது. கிறிஸ்துமஸுக்கு அரை கிளாஸ் ஒயின், அதையும் செடிக்கு ஊற்றிவிடுவாள். ஆனால் அவளுக்கு ஒரு மூக்கு இருந்தது. சர்ச் நடத்தும் பழைய துணிக் கடையில் வாரம் மூன்று நாள் வேலை. வந்து விழும் மூட்டைகளில் எது அலமாரிக்கு, எது சலவைக்கு, எது நேராகக் குப்பைக்கு என்று மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும்போதே சொல்லிவிடுவாள். இருபது வருடமாக இதை அவள் செய்துவந்தாள். ஆலிஸ்டருக்கு அது ஒரு திறமையாகத் தோன்றியதே இல்லை. புதன்கிழமை காலையில் தோன்றியது.

சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து தனக்காக மோந்து சொல்லும்படி கேட்டபோது அவள் எளிதில் சம்மதிக்கவில்லை. சனிக்கிழமைதான் கடையில் நிறைய மூட்டை வரும் என்றாள். தான் போகாவிட்டால் கூட இருப்பவள் எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிடுவாள் என்றாள். ஆலிஸ்டர் கெஞ்சினார். அவருக்குக் கெஞ்சிப் பழக்கமில்லாததால் அது உத்தரவு போலவே ஒலித்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் சரியாக வந்தது. கடைசியில், தான் சொல்வதைத் திருத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். பயிற்சி ஷெட்டில் தொடங்கியது.

மூன்றாம் ஜாடியை மோந்துவிட்டு அவள், "பல் டாக்டர்" என்றாள்.

"பல் டாக்டர்னா?"

"அவரோட வெயிட்டிங் ரூம்."

"அதை அப்படிச் சொல்லக் கூடாது நோலீன். பழ எஸ்டர்கள் முன்னணியில் நிக்குதுன்னு சொல்லணும்."

"எனக்கு முன்னணியில டாக்டர்தான் நிக்கிறார்."

பதினைந்தாம் ஜாடி, ஈரக் குடையை மடித்துப் பீரோவில் வைத்த மாதிரி இருந்தது. பதினாறு, செத்துப்போனவர் செருப்பு. பதினேழை மோக்காமலேயே தள்ளிவைத்தாள். பத்தாம் ஜாடியை மோந்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"பத்து?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா என்னன்னு எழுதறது?"

"நல்லாருக்குன்னு எழுது."

ஆலிஸ்டர் எழுந்து ஷெட் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வீட்டில் ஒருத்திக்கு ஒரு உவமை சொல்லித் தர முடியவில்லை. இரவோடு இரவாக ஒரு நோட்டில் மொழிபெயர்ப்புப் பட்டியல் போட்டார். ஈரக் குடை: இலையுதிர்ந்த காட்டின் தாழ்ந்த சுருதி. செத்தவர் செருப்பு: முதிர்ந்த தோலின் கம்பீரம், சற்றே எல்லை மீறியது. பல் டாக்டருக்கு மட்டும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை இரட்டைப் பரிசோதனை. பழைய பாட்டில்களிலிருந்து கிளாஸ்களில் ஊற்றி வைத்தார். நோலீன் வரிசையாக மோந்து, இதுவும் இதுவும் என்றாள். சரி. இடம் மாற்றி வைத்தார். இதுவும் இதுவும். சரி. ஐந்து தடவை, ஐந்தும் சரி. நடுவில் ஒருமுறை தொலைபேசி வந்து பேசிவிட்டு வந்தும் சரி. ஆலிஸ்டருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. பதினோரு வருடமாக அவர் வியர்த்து விறுவிறுத்துச் செய்த காரியத்தை இவள் காய்கறி பொறுக்குவது போலச் செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை புல்தரையில் பந்துருட்டி ஆடுபவர்களின் கிளப் அரங்கில் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. நடுவருக்கு எழுத்துதவியாளர் ஒருவர் இருக்கலாம் என்று விதி எட்டில் இருந்தது. அது இருப்பது அதை எழுதிய ஆலிஸ்டருக்கே முந்தின நாள்தான் நினைவு வந்தது. ஏற்பாடு எளிமையானது. நோலீன் கிளாஸை எடுத்து அவரிடம் நீட்டுவாள். நீட்டும் வழியில் ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். மோந்ததைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். அவர் கண்ணை மூடித் திறந்து, ஓரக்கண்ணால் அதைப் படித்து, மொழிபெயர்த்துச் சொல்வார்.

செயலாளர் டெஸ் பட்டாரா திரைக்குப் பின்னால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஐம்பத்தெட்டு வயது, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தை நடத்தி ஓய்ந்தவன், ஆலிஸ்டரின் பழைய மாணவன். இன்னும் சார் என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவருக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. சர்க்கரையும் தக்காளி விழுதும் ரொட்டி ஈஸ்ட்டும் போட்டு ஊறல் வைக்கிறவன். அதை மூன்று தடவை கரியில் வடிகட்டி, எந்த வாசனையும் இல்லாத வோட்காவாக்கி வருடா வருடம் கொண்டுவருவான். தக்காளி விழுதை ஆலிஸ்டர் மேடையிலேயே இரண்டு தடவை கண்டித்திருக்கிறார்.

முதல் ஐந்து கிளாஸ்களும் நன்றாகவே போயின. நான்காவதற்கு நோலீன் ஈரக் குடை என்று எழுதினாள். இலையுதிர்ந்த காட்டின் தாழ்ந்த சுருதி என்றார் ஆலிஸ்டர். பின்வரிசையில் பால் பண்ணைக்காரர் ஒருவர், அது நல்லதா கெட்டதா என்று பக்கத்தில் கேட்பது தெரிந்தது.

ஆறாவது கிளாஸ் வந்தது. நோலீன் வழக்கத்தைவிட வேகமாக எழுதினாள். பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தியிருந்தாள். மேஜைக்கடியில் அவர் காலில் ஒரு இடி விழுந்தது. உட்கார இடம் போதவில்லை போலும் என்று காலை நகர்த்திக்கொண்டார். தாளைப் பார்த்தார்.

சீஸ் ரோல் கருகுது.

விசித்திரம்தான். ஆனால் செத்தவர் செருப்புக்குப் பிறகு எதுவும் விசித்திரமில்லை. ஆலிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முறுகிய ரொட்டியின் மேல்தோல். அதனடியில் பழுப்பேறும்வரை வதங்கிய வெங்காயம். அதற்கும் அடியில், நாட்பட்ட பாலாடைக்கட்டியின் ஆழம்." கண்ணைத் திறந்தார். "ஒரு சாராயத்தில் இவ்வளவையும் கொண்டுவந்தவர் சாதாரண ஆள் அல்ல."

முன்வரிசையில் குழாய் வேலைக்காரர் ஒருவர் ஆறாவது கிளாஸைப் பார்த்தார், சமையலறைக் கதவைப் பார்த்தார், மறுபடியும் நடுவரைப் பார்த்தார். டெஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவர் தீர்ப்புச் சொல்லி முடிக்கும்வரை சமையலறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது விதி ஐந்து. போன வருடம் ஷேவிங் லோஷன் போட்டு வந்த ஒருவரை ஆலிஸ்டர் பத்து மீட்டர் தூரத்திலிருந்து கண்டுபிடித்து வெளியே அனுப்பியிருந்தார்.

கதவு திறந்தது. டெஸ்ஸின் மனைவி மார்ஜ் கையில் தட்டோடு நின்றாள். தட்டில் சீஸும் வெங்காயமும் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டிகள், நான்கு டஜன் சீஸ் ரோல்கள், ஓரமெல்லாம் கரி. அவளுக்குப் பின்னாலிருந்து நீலமாகப் புகை வந்து வெள்ளைத் துணிமேல் படர்ந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார். தீர்ப்பு முடிஞ்சிருக்கும்னு நினைச்சு அடுப்புல வச்சிட்டேன். உங்களுக்கு அப்பவே மூக்குல ஏறியிருக்கும்."

ஆலிஸ்டர் தட்டைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சூடாயின. பரவாயில்லை என்றார், இந்த ஒருமுறை மன்னிக்கிறேன் என்றார், ஏழாவது கிளாஸைக் கொடுக்கச் சொன்னார். குரல் மட்டும் இன்னும் துணைத் தலைமையாசிரியர் குரலாகவே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பத்தாவது முடிந்ததும் நோலீன் தாளின் அடியில் எழுதினாள்: இரண்டும் ஒன்பதும். இப்போதுதான் ஆலிஸ்டருடைய கோபம் முழுசாக வந்தது. இவள் எழுதியதை நம்பித்தான் ஊர் முன்னால் சாராயத்துக்குள் சீஸ் ரோல் கண்டுபிடித்தோம். இவ்வளவு புகையில் எந்த மூக்குதான் வேலை செய்யும்? அவர் கிளாஸ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். உட்புறச் சுவரில் சாராயம் வழிந்து இறங்கும் விதத்தைப் பார்த்தார். நான்கிலும் ஏழிலும் ஒரே மாதிரி மெதுவாக இறங்கியது. கண் பொய் சொல்லாது. எழுந்து நின்றார்.

"நான்கும் ஏழும்."

"ரெண்டும் ஒம்பதும்" என்றாள் நோலீன், உட்கார்ந்தபடியே. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அரங்கத்தில் அப்போது வேறு சத்தமே இல்லை.

டெஸ் உறையைப் பிரித்தான். வழக்கமாக அவன் எண்களை உரக்கப் படிப்பான். இப்போது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையருகே வந்து, குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"ரெண்டும் ஒம்பதும்தான் சார். நான் மாத்தி ஊத்திட்டேன்னு எழுதிக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவன் குரலில் இந்த முறை கிண்டல் எவ்வளவு என்று ஆலிஸ்டர் தேடினார். இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தக்காளி விழுதுக்காரன் அவர்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தான். சரி என்று ஒரு தலையாட்டல் போதும். வருடத்தின் அந்த ஒரு நாள் பத்திரமாக இருக்கும். அவர் நோலீனைப் பார்த்தார். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் இந்நேரம் எத்தனை மூட்டை அலமாரி ஏறியதோ என்ற கவலை அவளுக்கு.

"டெஸ் சரியாத்தான் ஊத்தியிருக்கான்" என்றார் ஆலிஸ்டர் சபையைப் பார்த்து. "எனக்கு மூணு வாரமா வாசனை தெரியல. ஒண்ணுமே தெரியல."

ஆஹா ஓஹோ என்று யாரும் எழுந்து நிற்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், அப்ப சீஸ் ரோல்? என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் அவரை அடக்கினார். அடுத்து எழுந்த கேள்வி நடைமுறைக் கேள்வி: தீர்ப்பு செல்லாது, மறுபடி மோக்க வேண்டும், யார் மோப்பது? முப்பத்து நான்கு தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"எனக்கு இந்தக் கருமம் பிடிக்கவே பிடிக்காது" என்றாள் நோலீன்.

"பிடிக்காதவங்கதான் வேணும்" என்றான் டெஸ். "பிடிச்சவங்க எல்லாம் இங்கதான் உக்காந்திருக்கோம்."

சன்னல்களைத் திறந்துவிட்டுப் புகை வெளியேறக் காத்திருந்தார்கள். ஓரம் கருகாத சீஸ் ரோல்களைப் பொறுக்கித் தின்றார்கள். பிறகு நோலீன் நாற்காலி மாறி உட்கார்ந்தாள். எழுத்துதவியாளர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காருவதற்கு வேறு யாரும் முன்வராததால் ஆலிஸ்டர் உட்கார்ந்தார்.

நான்காவது கிளாஸ் ஈரக் குடைதான் என்றாள் நோலீன் உரக்க. உடனே பால் பண்ணைக்காரர் எழுந்தார். "ஐயோ, அது என்னுது. நாலு வருஷமா என்ன கோளாறுன்னே புரியல. கடைசி ரெண்டு ஜாடியைச் சேர்த்திருக்கக் கூடாது, அதானே?" நோலீன், தனக்கு ஜாடியைப் பற்றியெல்லாம் தெரியாது, குடையைப் பற்றித்தான் தெரியும் என்றாள். அவர் அதையும் குறித்துக்கொண்டார். பல் டாக்டர் என்று சொல்லப்பட்ட கிளாஸுக்குச் சொந்தக்காரர், முதல் வடியைக் கொட்டுவதில் கஞ்சத்தனம் பண்ணினேன் என்று தானாகவே ஒப்புக்கொண்டார். நாலைந்து பேர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார்கள். பதினோரு வருடத்தில் தான் பேசும்போது யாரும் பேனா எடுத்து ஆலிஸ்டர் பார்த்ததில்லை.

ஆறாவது கிளாஸை இரண்டு தடவை மோந்தாள். "நல்லாருக்கு."

ஆலிஸ்டர் பென்சிலை நிறுத்தினார். "நல்லாருக்குன்னா, அதாவது தூய்மையின் ஒரு..."

"நல்லாருக்குன்னு எழுது ஆலிஸ்டர்."

எழுதினார். ஆறாவது கிளாஸ் டெஸ்ஸின் வோட்கா. தக்காளி விழுது முதல் பரிசு வாங்கியது.

மதிப்பெண் தாள்களில் கையெழுத்து இடுவதற்கு இருந்த இடத்துக்குக் கீழே, தலைமை நடுவர் ஆ. டன்லப் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சுக்கூடத்தில் ஐநூறு தாள் அடித்தால் மலிவு என்று அவர்தான் அடித்து வைத்திருந்தார்; இன்னும் நாற்பது வருடத்துக்குக் காணும். டெஸ் கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். தாளை வீணாக்க வேண்டாம் சார் என்றான்.

மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்க, ஆலிஸ்டர் ஒவ்வொரு தாளாக எடுத்து ஆ-வை அடித்து அதன்மேல் நோ என்று எழுதினார். டன்லப் அப்படியே இருந்தது. பத்தாவது தாளில் நோலீன் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, எழுத்து கோணலாக இருக்கிறது, அந்த ஒன்றை மாற்றி எழுது என்றாள்.